சம்பளம் 1,700 ஆகியும் முகம் தெளியலையே, ஏன்?

கேள்வி: 2 மார்ச் 2025, ஞாயிறு

வணக்கம் அண்ணே. மலேசியாவுல சுங்கை சிப்புட்டிலேருந்து எழுதுறேன். ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில லைன் சூப்பர்வைசர். என் கீழ 22 பேர். முக்கால்வாசி தோட்டத்துப் பிள்ளைங்க, கம்பெனி பஸ்ல வர்றவங்க. பிப்ரவரி 1லேருந்து அடிப்படைச் சம்பளம் 1,500லேருந்து 1,700 ஆயிடுச்சு. 200 வெள்ளி (ரிங்கிட்) சும்மாவா? ஆனா பழையபடி முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டுதான் வர்றாங்க. எம்.சி. (மருத்துவ விடுப்பு) குறையலை. மூணு பேர் வேலையை விடப்போறேன்னு சொல்லிட்டாங்க. பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தமே இல்லைங்கிறேன் நான். இருக்குன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

2 மார்ச், இரவு 9.15

தம்பி, கேள்வி கேட்ட தேதியைப் பாருங்கள். இன்று மார்ச் 2. பிப்ரவரிச் சம்பளத்தை மார்ச் 7க்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம். உங்கள் கம்பெனியும் 7ஆம் தேதிக் கம்பெனி என்றால், அந்த 200 வெள்ளி இன்னும் யார் கைக்கும் வரவில்லை. வராத காசுக்கு யார் சிரிப்பார்கள்?

வந்தாலும் முழு 200 வராது. 1,500க்கு இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) 11 விழுக்காடு 165, சொக்சோ (விபத்து, உடல்நலக் குறைவுக்கான தொழிலாளர் காப்புறுதி) 7.25, வேலையிழப்புக் காப்புறுதி 2.90, கையில் 1,324.85. 1,700க்கு இபிஎஃப் 187, சொக்சோ 8.25, காப்புறுதி 3.30, கையில் 1,501.45. கூடுவது 176 வெள்ளி 60 காசு. இதற்கு மேல் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன்பு வருகைப்படி, ஷிப்டுப்படி என்று தனித்தனி வரியாக இருந்தவை புது சம்பள ஸ்லிப்பில் இருக்கின்றனவா? 100 வெள்ளி வருகைப்படி அடிப்படைச் சம்பளத்துக்குள் கரைந்திருந்தால் உண்மையான ஏற்றம் பாதிதான். ஜனவரி ஸ்லிப்பையும் பிப்ரவரி ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படியுங்கள். உங்கள் ஆட்கள் அதை உங்களுக்கு முன்பே படித்திருப்பார்கள்.

பணம் துக்கத்தைப் போக்கும், சந்தோஷத்தைத் தராது என்று ஒரு பேச்சு உண்டு. இப்போதைக்கு அதை ஏற்றுக்கொண்டு மேலே போவோம்.

4 மார்ச், இரவு 10.40

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "ஓ.டி. கொடுத்தாலும் சிலர் வேண்டாங்கிறாங்க, காசு வேணாமா?" என்று.

கணக்கைப் போடுவோம். 1,700ஐ மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38. அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 8.17. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, 12.26. மாதம் 60 மணி நேரம் செய்தால் 735 வெள்ளி சொச்சம். நல்ல காசுதான். ஆனால் ஓ.டி.க்கு இபிஎஃப் கிடையாது. அந்த 735 அடிப்படைச் சம்பளமாக வந்திருந்தால் தொழிலாளி பங்கு 11, முதலாளி பங்கு 13, ஆக 24 விழுக்காடு, மாதம் 176 வெள்ளி சேமிப்பில் விழுந்திருக்கும். (மேலே சொன்ன 176 வேறு, இது வேறு. தொகை ஒன்றாக வந்தது தற்செயல்.) பத்து வருஷம் ஓ.டி.யிலேயே வீட்டை ஓட்டியவர் இபிஎஃப் கணக்கைத் திறந்து பார்க்கும்போது, 'இவ்வளவு உழைச்சேனே, எங்கே போச்சு' என்று நினைப்பது இதனால்தான். திருட்டு இல்லை, கணக்கு அப்படி. அதை ஆரம்பத்திலேயே யாரும் சொல்லாததுதான் வலி.

சொக்சோ நேர்மாறு. அது ஓ.டி.யையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் அந்தப் பிடித்தம் மாதாமாதம் மாறும். போன மாதம் 8.25, இந்த மாதம் 12.25 என்றால் சண்டைக்கு வருவார்கள். காரணத்தை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம், சொல்லத் தெரிந்த சூப்பர்வைசர் வேண்டும்.

5 மார்ச், காலை 6.50

திருத்தம். நேற்று மணிக்கு 8.17 என்று எழுதியதை ஓர் அக்கா சுட்டிக்காட்டியிருக்கிறார்: குறைந்தபட்சச் சம்பள ஆணையில் மணிக்கு 8.72 என்றுதானே இருக்கிறது என்று. அவர் சொல்வது சரி. 2023 ஜனவரி 1லிருந்து வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆனது. ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி. 65.38ஐ 7.5ஆல் வகுத்தால் 8.72 வந்துவிடும். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் சாதாரண வேலை நேரம் எத்தனை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 8 மணி என்று இருந்தால் 8ஆல், ஏழரை என்று இருந்தால் ஏழரையால். ஏழரை மணி ஆளுக்கு 8ஆல் வகுத்துப் போட்டால் ஓ.டி. மணிக்கு 82 காசு குறையும். 60 மணிக்கு 49 வெள்ளி. ஒப்பந்தக் கடிதத்தை வீட்டில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல பேர் அதைப் பெட்டிக்கு அடியில் பிறப்புப் பத்திரத்தோடு வைத்திருப்பார்கள், ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள்.

9 மார்ச், ஞாயிறு மதியம்

ஓ.டி. ஏன் வேண்டாங்கிறார்கள் என்பதற்கு இன்னொரு பாதி பஸ்ஸில் இருக்கிறது.

7 மணி ஷிப்டு. கடைசித் தோட்டத்து ஆள் 5.15க்கு ஏறுகிறார். அதற்கு 4.30க்கு எழுந்து பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்ட வேண்டும். மாலை 7க்கு ஷிப்டு முடிந்து, அடுத்த ஷிப்டு ஆள் வந்து கையெழுத்துப் போட்டு, எல்லாரும் ஏறி பஸ் கிளம்ப 7.25. வீட்டு வாசலில் கால் வைக்கும்போது 8.45. வேலை 12 மணி நேரம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவருக்கு அது பதினைந்தரை மணி. மிச்சம் எட்டரை. அதில் குளியல், சமையல், துணி, பிள்ளையின் வீட்டுப்பாடம், அப்புறம் தூக்கம். கூடவே ஓ.டி. நாட்களும் சேர்ந்தால் எதில் கை வைப்பது?

டெக்சஸில் 909 பெண் தொழிலாளிகளை, முந்தின நாள் காலையிலிருந்து இரவுவரை செய்ததையெல்லாம் நினைவுபடுத்தி, ஒவ்வொரு நேரமும் மனசு எப்படி இருந்தது என்று எழுத வைத்தார்கள் (2004இல் வந்த ஆய்வு). எல்லாவற்றிலும் அடிமட்டத்தில் வந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். வேலை செய்யும் நேரத்தைவிட அது கீழே. அங்கே அவரவர் காரில் போகிறவர்கள் அதிகம். இங்கே 44 பேர் பஸ், ஏர்கோன் ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு.

பஸ் எப்போது வரும் என்பது தெரிந்தால் பாதிச் சுமை இறங்கும். ஓட்டுநர் முதல் தோட்டத்தை விட்டுக் கிளம்பியதும் குழு வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்து போட்டால் போதும். 'கி' என்று போட்டால் கிளம்பியாச்சு. அடுத்த நிறுத்தத்துக்காரர் 12 நிமிடம் வாசலில் இருட்டில் நிற்காமல் உள்ளேயே இருப்பார். மழை நாளில் இதன் அருமை தெரியும்.

9 மார்ச், இரவு

பஸ் பற்றி ஒன்று விட்டுப்போனது. காலையில் முதலில் ஏறுகிறவர்தான் மாலையில் கடைசியாக இறங்குவார். இரண்டு பக்கமும் அவருக்கே அடி. வழி நேர்கோடாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பல கம்பெனி பஸ்கள் நான்கு தோட்டங்களை வட்டமாகச் சுற்றித்தான் போகின்றன. வட்டம் என்றால் மாலையிலும் காலைச் சுற்று திசையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். காலையில் முதலில் ஏறியவர் மாலையிலும் முதலில் இறங்குவார். டீசல் கூடாது, தூரம் கூடாது. கடைசி நிறுத்தத்து ஆட்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். அவர்கள் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறவர்கள்.

இன்னொன்று: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் நடக்கும் விபத்துக்கு சொக்சோ உண்டு. நேர் வழியில் போய்வர வேண்டும். சொந்த வேலைக்காக வழி விலகிப் போனால் சிக்கல். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மோட்டாரில் வருகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

13 மார்ச்

ஒரு தோட்டத்துக்காரர் கேட்கிறார்: "தொழிற்சாலைக் கதையே பேசுறீங்க. செம்பனை வெட்டுறவனுக்கு என்ன சந்தோஷம், என்ன துக்கம்?"

கேட்க வேண்டிய கேள்வி. குலை வெட்டுகிறவர் அவ்வளவு வெயிலிலும் ஒரு விஷயத்தில் லைனில் நிற்கிறவரைவிட மேல்: எந்த மரத்தை முதலில், எப்போது ஓய்வு, மட்டையை எந்தப் பக்கம் அடுக்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார். கையில் பிடி இருக்கிறது. கித்தாவிலும் (ரப்பரிலும்) அப்படித்தான் இருந்தது. தன் நிரை, தன் மரம், எந்த மரத்தில் பால் நிற்கும், எது ஏமாற்றும் என்று வெட்டுகிறவருக்கே தெரியும்.

அந்தப் பிடி எங்கே கழல்கிறது என்றால் எடையில். சில தோட்டங்களில் குலையை ஒவ்வொன்றாக நிறுக்க மாட்டார்கள். மண்டோர் (மேற்பார்வையாளர்) எண்ணிக்கை எழுதுவார். காட்டின் (எண் போட்ட தோட்டப் பகுதியின்) சராசரி எடையால் பெருக்குவார்கள். சராசரி ஆலை எடைமேடையிலிருந்து வரும். ஒரே காட்டு எண்ணுக்குள் உயர்ந்த பழைய மரமும் மறுநடவு இளமரமும் கலந்திருந்தால் கணக்கு கெடும். 110 குலை, சராசரி 18 கிலோ என்றால் 1,980 கிலோ. பழைய மரத்துப் பக்கம் வெட்டியவரின் குலை உண்மையில் 21 கிலோ என்றால் 2,310. நாளுக்கு 330 கிலோ அவர் பெயரில் ஏறவில்லை. டன்னுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 13 வெள்ளி 20 காசு. அதோடு உயரமான மரம் என்றால் உளி போய் நீளக் கழியில் அரிவாள். கழுத்து நிமிர்த்தியே இருக்க வேண்டும், ஒரு குலைக்கு நேரமும் கூடும். கூடின வேலைக்குக் குறைந்த காசு.

சரி செய்ய வழி உண்டு. பழைய மரத்துக்கும் இளமரத்துக்கும் தனி எண், தனி லாரிப் பயணம். முடியாதென்றால் மாதத்தில் இரண்டு நாள் பிளாட்பாரத்திலேயே ஆளுக்கு 20 குலை தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்துச் சராசரியைச் சரிபார்ப்பது. நிறுக்கும்போது வெட்டியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எண் குறைவாக வந்தாலும் பரவாயில்லை, கண்ணால் பார்த்த எண் உறுத்தாது.

பச்சைக் குலைக்கு, நீளக் காம்புக்கு என்று கூலியில் பிடிப்பதும் இப்படியே. காம்பு 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்தக் குலையைப் பச்சை என்று ஒதுக்கினார்கள் என்பது மாலையில் காகிதத்தில் மட்டும் வந்தால், நாலு குலைக்குப் பிடித்த காசைவிட, 'நான் பச்சையா வெட்டுவேனா' என்கிற கோபம் பெரிது. ஒதுக்கிய குலையை மறுநாள் காலைவரை பிளாட்பாரத்தில் தனியாகப் போட்டு வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. போனில் ஒரு படம் எடுத்து, குலையில் எழுதிய எண் தெரிய அனுப்பினால் போதும்.

கூலி எடைக்கணக்கில் இருந்தாலும் மாதச் சம்பளம் 1,700க்குக் கீழே போகக் கூடாது என்று ஆணை சொல்கிறது. காய் குறைந்த மாதத்தில் இதை நினைவில் வையுங்கள்.

16 மார்ச், ஞாயிறு

முதல் நாள் எழுதிய ஒரு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்: பணம் துக்கத்தைப் போக்கும், சந்தோஷத்தைத் தராது என்பது. அந்தக் கருத்துக்குப் பெரிய ஆதாரமாகச் சொல்லப்படுவது ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு. அவர் பேட்டி எடுத்தது பிட்ஸ்பர்க் பக்கத்துப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும். மாதச் சம்பளம் இருபதாம் தேதியில் தீர்ந்துபோகிற ஆளை அல்ல.

நமக்குப் பக்கத்து ஆதாரம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கிறது. 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவை. அறுவடைக் காசு வந்தபின் ஒரு தடவை. அதே ஆளுக்கு யோசிக்கும் சோதனை வைத்தார்கள். காசில்லாத நேரத்தில் அதே ஆள் மந்தமாகச் செய்தார். 2013இல் வெளியானது. புத்தி குறையவில்லை, புத்தி முழுக்கக் கடன்காரன் முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளிகளிடம் இன்னொன்று செய்தார்கள். மொத்தக் கூலி அதேதான். சிலருக்கு மட்டும் அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். காசு வந்ததும் கடனை அடைத்தார்கள், அரிசி பருப்பு வாங்கினார்கள். அடுத்த நாட்களில் தட்டு சுமார் 7 விழுக்காடு கூடுதலாகத் தைத்தார்கள், தவறும் குறைந்தது.

தம்பி, இதை உங்கள் லைனில் வைத்துப் பாருங்கள். இருபதாம் தேதிக்கு மேல் ரிஜெக்ட் (கழித்துப் போடும் பொருள்) கூடுகிறதா? உங்களிடம் தினக்கணக்கு இருக்கும். மூன்று மாதத்து ரிஜெக்டை ஒன்றிலிருந்து பத்து, பதினொன்றிலிருந்து இருபது, இருபத்தொன்றுக்கு மேல் என்று பிரித்துக் கூட்டுங்கள். ஒரு மணி நேர வேலை.

23 மார்ச்

"அந்தப் பொண்ணு போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு மாறிடுச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். விட நினைக்கிற மூன்று பேரில் ஒருவர். அவர் பக்கத்தில் நிற்பவர் ஏஜெண்டு மூலம் வந்தவரா, நேரடி ஆளா? இருவரும் ஒருவர் ஸ்லிப்பை ஒருவர் பார்த்தார்களா? இதை முதலில் விசாரியுங்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஊழியர் சம்பளம் இணையத்தில் வெளியானபோது, அதைப் பார்க்கும் வழியைச் சிலருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு மனநிறைவைக் கேட்டார்கள், 2012இல் வந்தது. தங்கள் பிரிவில் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்கள் நொந்துபோனார்கள், வேறு வேலை தேடத் தொடங்கினார்கள். மேலே இருந்தவர்களுக்கு எந்தப் பூரிப்பும் வரவில்லை. கீழே இருப்பது குத்துகிறது, மேலே இருப்பது இனிக்கவில்லை. அதனால்தான் சம்பளத்தை ரகசியமாக வைக்க நிர்வாகம் பார்க்கும். லயத்து வீட்டில் சுவருக்குச் சுவர் காது. எந்த ரகசியமும் நிற்காது. ரகசியம் வைப்பதைவிடக் காரணத்தைச் சொல்வது மேல்: சேவைக்காலம் இவ்வளவு, திறன்படி இவ்வளவு, ஏஜெண்டு பிடிப்பது இவ்வளவு. காரணமே இல்லாத வித்தியாசம் என்றால் அதைச் சரிசெய்வதைத் தவிர வேறு மருந்து இல்லை.

30 மார்ச்

பேச்சு கடன் பக்கம் போய்விட்டது, போகட்டும்.

மோட்டார் தவணை 1ஆம் தேதி, சம்பளம் 7ஆம் தேதி. ஆறு நாள் தாமதத்துக்கு மாதாமாதம் தாமதக் கட்டணம். தவணைத் தேதியை 10க்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். சம்பள ஸ்லிப் நகல் இரண்டு மாதத்துக்கு வேண்டும். மாற்றும் மாதத்தில் இடைநாள் வட்டி கொஞ்சம் சேரும். கேட்டால் கிடைக்கும் என்று தெரியாததால் கேட்காமலே இருக்கிறார்கள்.

கூட்டு (சீட்டு) பிடிப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பத்துப் பேர், ஆளுக்கு 100, மாதம் ஒருவருக்கு 1,000. வெறும் சேமிப்பாகப் பார்த்தால் வட்டிகூட இல்லை. ஆனாலும் ஏன் விடமாட்டார்கள்? 'ஆகஸ்டில் என் முறை' என்று ஒரு தேதி கையில் கிடைக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, அம்மாவுக்குக் கண்ணாடி, எல்லாம் ஆகஸ்டை நோக்கி வரிசையில் நிற்கும். ஆனால் கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. முன்னால் எடுத்தவர் ஊரைவிட்டுப் போனால் பின்னால் நிற்பவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. அதே பழக்கத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் வையுங்கள். உங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது, துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளியின் மாதக் காசைச் சேர்த்து வாங்கத்தான். சின்னக் காசு, ஒழுங்கான தேதி, எழுதி வைத்த கணக்கு.

6 ஏப்ரல், ஞாயிறு

உங்கள் அறிக்கை கிடைத்தது, நன்றி. வெள்ளைப் பலகை வைத்தீர்கள். அடுத்த வார ஓ.டி. யார் யாருக்கு என்று வியாழக்கிழமையே எழுதினீர்கள். முதல் வாரம் நன்றாக இருந்தது, இரண்டாம் வாரம் யாரோ பெயர்களை அழித்துவிட்டார்கள். "இவங்களுக்கு நல்லது செஞ்சாலும் இப்படித்தான்" என்று முடித்திருக்கிறீர்கள்.

முடிக்காதீர்கள். பலகையில் பெயர்களை எழுதியது யார்? நீங்கள். யாரைக் கேட்டு? அங்கேதான் கோளாறு. ஓ.டி. தெரிந்தது நல்லது. ஆனால் யாருக்கு என்பது உங்கள் கையில் இருந்தது முன்பு மறைவாக. இப்போது எல்லாருக்கும் தெரிய. பாரபட்சம் இல்லாவிட்டாலும் இருப்பதாகத் தெரியும்.

இப்படிச் செய்யுங்கள். தேவைப்படும் ஆள் எண்ணிக்கையை மட்டும் நீங்கள் எழுதுங்கள்: செவ்வாய் 4, புதன் 6. பெயரை அவர்கள் எழுதட்டும். வெள்ளி மதியம்வரை நேரம். காலியாக இருக்கும் இடத்தைச் சுழற்சி வரிசைப்படி நிரப்புங்கள். வரிசை அதே பலகையின் ஓரத்தில் இருக்கட்டும். இருவர் மாற்றிக்கொள்ள விரும்பினால் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும், உங்களிடம் வந்து நிற்க வேண்டாம். அழிக்கும் பேனா வேண்டாம், காகிதம் ஒட்டிப் பேனாவில் எழுதுங்கள். மாதத்துக்கு ஆளுக்கு 104 மணி நேரம்தான் உச்சம். ஓடும் மொத்தத்தைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வந்தால், காசு தேவைப்படுகிறவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மூன்றாம் வாரம் எம்.சி. எடுப்பது குறையும்.

20 ஏப்ரல்

தூக்கம். "இரவு 6 மணி நேரம் தூங்கினா போதாதா?"

சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2021இல் வந்தது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். கொசு, புழுக்கம், சத்தம், கவலை. கண்மூடி, காதடைப்பான், நல்ல மெத்தை கொடுத்து இரவில் 27 நிமிடம் கூட்டினார்கள். அதனால் வேலையிலோ மனசிலோ பெரிய மாற்றம் இல்லை. மதியம் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் படுக்க விட்டார்கள். வேலையும் தேறியது, மனசும் தேறியது.

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த 30 நிமிடம் எங்கே போகிறது? கையுறை கழற்றிக் கை கழுவ 4, கேண்டீனுக்கு நடக்க 5, வரிசை 8, திரும்ப 5. எட்டு நிமிடத்தில் சாப்பிட வேண்டும். லைனை இரண்டாகப் பிரித்து 15 நிமிட இடைவெளியில் அனுப்பினால் வரிசையில் 6 நிமிடம் மிச்சம். அந்த 6 நிமிடம் கண்ணை மூடுவதற்கு. சாய்வு இருக்கும் நாற்காலி, மங்கின விளக்கு, அவ்வளவுதான் வேண்டும்.

வெளிக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கத்தைவிடத் தண்ணீர் முதல். 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தாகமில்லாமல் அல்ல, ஒதுங்க இடமில்லாமல். மருந்தடிக்கும் அணியோடு ஒரு மடக்குத் தடுப்புத் துணி போனாலே இது பாதி தீரும். இதற்குக் கூட்டம் போட்டுப் பேச ஒன்றுமில்லை, வாங்கிக் கொடுக்க வேண்டும்.

4 மே, ஞாயிறு

தொழிலாளர் தினம் வந்துபோனது. பொதுவிடுமுறை பற்றிக் கேள்விகள் குவிந்திருக்கின்றன.

வருஷத்துக்கு 11 சம்பள விடுமுறை. அதில் ஐந்து எல்லாருக்கும் பொது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. மிச்சம் ஆறையும் முதலாளி தேர்ந்தெடுக்கிறார். எந்த ஆறு என்று வருஷம் பிறப்பதற்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு நாளை வேறு நாளுக்கு மாற்றலாம். ஆகவே பேச வேண்டிய மாதம் நவம்பர். அக்டோபரில் தீபாவளிக்கு மூன்று நாள் முன் வந்து லீவு கேட்டு முகம் வாடுவதைவிட, நவம்பரில் பத்துப் பேர் கையெழுத்தோடு ஒரு தாள் கொடுப்பது லாபம். உங்கள் லைனில் மலாய், நேபாள, வங்காளதேச ஆட்களும் இருப்பார்கள். ஒருவர் பெருநாளுக்கு மற்றவர் ஷிப்டு எடுக்கும் மாற்று ஏற்பாட்டை அவர்களே பேசி முடிப்பார்கள், தாள் முன்னாலேயே இருந்தால்.

பொதுவிடுமுறையில் வேலை செய்தால் விடுமுறைச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் கூலி. இதைத் தெரிந்து விரும்பி வருகிறவரும் உண்டு. அவர் விரும்பி வரட்டும்.

11 மே, ஞாயிறு காலை

உங்கள் ரிஜெக்ட் கணக்கு பார்த்தேன். இருபத்தொன்றுக்கு மேல் கூடுகிறது. ஆனால் மார்ச்சில் நோன்பு மாதமும் கலந்திருக்கிறது, அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஜூன், ஜூலையும் சேரட்டும்.

விடப்போகிறேன் என்ற மூவரில் ஒருவர் போய்விட்டார், ஒருவர் நின்றுவிட்டார், அந்தப் பெண் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். அவர் ஸ்லிப்பில் ஓ.டி. எதால் வகுக்கப்பட்டது என்று பார்த்தீர்களா? மார்ச் 5 குறிப்பைப் படித்துவிட்டு, ஒப்பந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, அவரோடு உட்கார்ந்து பாருங்கள். குறைந்திருந்தால் எந்த மாதத்திலிருந்து என்று எழுதி, நீங்களே மனிதவளப் பிரிவுக்கு எடுத்துப் போங்கள். அவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

பலகையை எங்கே மாட்டுவது என்ற கேள்விக்கு: பஞ்ச் கார்டு இயந்திரத்துக்கு மேலே வேண்டாம். அங்கே பின்னால் வரிசை தள்ளும், நின்று படிக்க முடியாது, உங்கள் மேசையும் எதிரில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்தில் மாட்டுங்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், நூல் முழங்கை நீளம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் கடைசி வரியில் பெயர் எழுத எட்டாது.